மிருதங்கத் தொப்பி அடித்தால் குரல் அமுங்கியது – என் அனுபவம்

மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரிகளுக்கு ஒலி பார்க்கிறேன். டிசம்பர் சீசனுக்காக இரண்டு சேனல் கம்ப்ரஸர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தானாக அமுக்கும் கருவி) வாங்கி, ஒன்றில் பாடகர் மைக், இன்னொன்றில் மிருதங்கம் என்று போட்டேன். அன்றிலிருந்து மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் குரல் உள்ளே போய், மெல்ல மேலே வந்தது.

மைக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். எவ்வளவு அமுக்க வேண்டும் என்ற விகிதத்தை, அதாவது ரேஷியோவை, 4:1-லிருந்து 2:1-க்கு இறக்கியதில் அமுங்கல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் தனி ஆவர்த்தனம். பாடகர் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் சேனலில் எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் கெயின் ரிடக்‌ஷன் விளக்குகள் ஒவ்வொரு ‘தொம்’முக்கும் மினுங்கின. மிருதங்கச் சத்தம் அவர் மைக்கில் ஏறுகிறதோ? கச்சேரி முடிந்ததும் அவர் மைக்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தொப்பியைத் தட்டச் சொன்னேன். அப்போதும் மினுங்கின.

ஸ்டீரியோ லிங்க் பட்டன் அழுந்தியிருந்தது. அது இரண்டு சேனலையும் சேர்த்தே அமுக்கும். இடது வலது என வரும் முழுக் கலவைக்குத்தான் அது வேண்டும், தனித்தனி மைக்குக்குக் கூடாது. பட்டனை விடுவித்தேன், குரல் அமுங்காமல் நின்றது. அப்பாடா!

அப்புறம் குரலுக்கு ரேஷியோ 3:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 20 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடுவிக்க எடுக்கும் நேரம்) 200. மேல் ஸ்தாயியில் 4 முதல் 6 டெசிபெல் குறையும்படி, அமுக்கல் தொடங்கும் அளவான த்ரெஷோல்டை வைத்தேன்.