வந்தியத்தேவன் போன வழியில் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வீராணம் ஏரி, கடம்பூர், திருப்புறம்பயம், குடந்தை (கும்பகோணம்), தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று கதை நடக்கும் ஊர்களை, நாயகன் வந்தியத்தேவன் போன வழியில் நடந்தே பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இதற்கென்று அம்புக்குறி நட்ட பாதை எதுவும் கிடையாது. ஊர்ச்சாலை, ஆற்றங்கரை, வாய்க்கால் கரை எல்லாவற்றையும் நாமே கோத்துக்கொள்ள வேண்டியதுதான். சறுக்குவதும் அங்கேதான்.

முதல் தவறு, ஆடிப்பெருக்கன்றே கிளம்புவது. கதை அன்றுதான் தொடங்குகிறது என்பதால் வரும் ஆசை இது. ஆனால் நாவலில் வருவதுபோல் அன்று வீராணம் கடலாய்த் தளும்பும் என்று எண்ணி வரக்கூடாது. மேட்டூர் அணை எப்போது திறந்தது, கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள கீழணையிலிருந்து வடவாற்றில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஏரி நிறையும். வெயிலும் அடங்கியிருக்காது, படித்துறைகளில் கூட்டமும் நெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தை பிற்பகுதியிலிருந்து மாசி முடிய நடப்பதே நல்லது. சம்பா அறுவடை நேரம், வரப்பு காய்ந்திருக்கும், கோடிக்கரையில் வலசைப் பறவைகளும் இருக்கும். ஒரே தொல்லை காலைப் பனிமூட்டம். பத்தடி தள்ளி வரும் டிராக்டர்கூடத் தெரியாது. எனவே நான்கு மணிக்கே கிளம்பாமல், வெளிச்சம் வந்த பிறகு சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிட்டால் வெயிலுக்குத் தப்பலாம்.

தூரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். வந்தியத்தேவன் போனது குதிரையில். பழக்கமில்லாத கால்களுக்குத் தார்ச்சாலையில் ஒரு நாளைக்கு 20 கி.மீ., கரையிலும் வரப்பிலும் 12 முதல் 15 கி.மீ. போதும். கதை வரிசைப்படி தஞ்சைக்குப் போய்த் திரும்பிப் பழையாறைக்கு வந்தால் ஒரே நிலப்பரப்பை இரண்டு முறை அளக்க வேண்டியிருக்கும். கும்பகோணத்திலிருந்து தஞ்சை சுமார் 40 கி.மீ. நெடுஞ்சாலை ஓரம் நடப்பதில் சுகமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நடந்தே தீருவேன் என்பவர்கள் சுவாமிமலை, கபிஸ்தலம், திருவையாறு வழியாகக் காவிரியை ஒட்டிப் போகலாம். மற்றவர்கள் தஞ்சைக்குப் பஸ்ஸில் போய் வந்து, பழையாறையிலிருந்து நடையைத் தொடரலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

செல்போன் வரைபடத்தை நம்பித் திசை பிடிப்பது அடுத்த தவறு. டெல்டாவில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன, நாம் போவதோ வடக்கிலிருந்து தென்கிழக்கே. கொள்ளிடம், காவிரி, அரசலாறு, வெண்ணாறு, கோரையாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறு குறுக்கிடும். இவற்றுக்கிடையே வாய்க்கால்களுக்குக் கணக்கே இல்லை. வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரியும் கரை, ஒரு மதகில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். எதிர்க்கரை இருபதடியில் இருக்கும், பாலம் இரண்டு கிலோமீட்டர் பின்னால் இருக்கும். எனவே முதல்நாள் ராத்திரியே பாலங்களைக் குறித்துக்கொண்டு, பாலத்துக்குப் பாலம் வழி போட வேண்டும். டீக்கடையில் கேட்கும்போதும் “கரை போகுமா?” என்று கேட்டுப் பயனில்லை. “பாலம் எங்கண்ணே இருக்கு?” என்று கேளுங்கள்.

கொள்ளிடத்தில் மணல்தானே என்று இறங்கிக் கடப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. மணல் அள்ளிய பள்ளங்கள் முழங்கால் தண்ணீருக்கு அடியில் ஆளை விழுங்கும் ஆழத்தில் இருக்கும். மேலே தண்ணீர் திறந்தால் மட்டம் விறுவிறுவென்று ஏறும். அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு. குளிக்கவோ கால் நனைக்கவோ கொள்ளிடமும் வடவாறும் உகந்த இடமல்ல. 1836இல் கட்டிய கீழணையின் பாலம் குறுகல். வண்டி குறைவாக இருக்கும் நேரத்தில் கடந்துவிடுங்கள்.

வரப்பில் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தை மண்வெட்டியால் செதுக்கி, வயல் சேற்றை எடுத்து அணைத்திருப்பார்கள். பளபளவென்று ஈரமாகத் தெரியும். அதில் ஒரு மிதி மிதித்தால் ஓரம் சரிந்து, கட்டிவைத்த தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். வசவு வாங்கினால் நியாயம்தான். மழை பெய்தால் இரண்டு நாள் வரப்பை மறந்துவிடுங்கள். களிமண் செருப்பில் ஒட்டி ஒட்டி ஒரு காலே ஒரு கிலோ கனக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், சீமைக்கருவேல முள் அதைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். புது ஷூவும் வேண்டாம், முதல் நாளே கொப்புளம் போடும். வைக்கோல் போர் ஓரம் உட்காருமுன் கம்பால் தட்டிப் பாருங்கள், விரியன் படுத்திருக்கலாம்.

கடம்பூரிலும் பழையாறையிலும் கதையில் வரும் மாளிகையைத் தேடி ஏமாறாதீர்கள். மேலக்கடம்பூரில் தேர் வடிவக் கருவறை கொண்ட கோயில் இருக்கிறது, பழையாறையில் சோமநாதர் கோயில். அங்கே பார்க்க வேண்டியவை அவைதான். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் நிறைவு பெற்றது, கதை நடக்கும் காலத்தில் அது இல்லை. பெரும்பாலான கோயில்களின் நடை பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். உங்கள் நடைப்பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

வேதாரண்யம் தாண்டியபின் நிலத்தடி நீர் உப்பு. கடைசி 11 கி.மீ.க்கு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது தூக்கிக்கொள்ளுங்கள். கோடிக்கரைக் காடு வனத்துறையின் சரணாலயம். சோதனைச் சாவடியில் அனுமதி வாங்காமல் நுழையக்கூடாது, இருட்டிய பின் உள்ளே இருக்கவும் முடியாது. வந்தியத்தேவன் மாட்டிக்கொண்ட புதைசேறு கற்பனை என்று நினைத்துச் சதுப்பில் இறங்குகிறவர்கள் உண்டு. மேலே வெடித்துக் காய்ந்த ஏடு, அடியில் இடுப்பளவு சேறு. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் போய்விட்டது, அதைத் தேடியும் அலைய வேண்டாம். வேதாரண்யத்துக்குத் திரும்பும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் கிளம்பும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.