மைலேஜ் ஆசையில் இன்ஜினை வதைக்கும் பழக்கங்கள்

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தபிறகு "மைலேஜ் குறைந்துவிட்டது" என்ற புலம்பலைக் கேட்காத நாள் இல்லை. புலம்பலில் உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே மதிப்பிட்டிருந்தது. இந்த இழப்பை ஓட்டுபவரால் தடுக்க முடியாது. ஆனால் அதை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்று பலர் கைக்கொள்ளும் வழிகள்தான் இன்ஜினுக்கு உண்மையான கேட்டை விளைவிக்கின்றன.

முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு விலை உயர்ந்த பெட்ரோலுக்கு மாறுவது. 95, 100 என்ற ஆக்டேன் எண்கள் எரிபொருளின் சக்தியைக் குறிப்பவை என்று பலர் நம்புகிறார்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. சாதாரணப் பெட்ரோலுக்கென வடிவமைத்த சிறிய காரில் 100 ஆக்டேன் ஊற்றினால் இழுவை கூடாது, பணம்தான் கரையும். மாறாக, 95 வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லும் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி) காரில் அதைவிடக் குறைந்ததை ஊற்றினால், இப்படித் தானாக வெடிக்கும் நாக்கிங்கை உணரும் சென்சார் ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால் சக்தியும் மைலேஜும் குறையும். உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பது பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் பரிந்துரையைவிட அந்த ஒரு வரி நம்பத்தக்கது.

இரண்டாவதுதான் என்னை மிகவும் வருத்துவது: இன்ஜின் திணறத் திணற மேல் கியரில் ஓட்டுவது. சீக்கிரம் ஐந்தாவது கியருக்குப் போனால் பெட்ரோல் மிச்சம் என்பது பாதி உண்மை. சமதளத்தில், சீரான வேகத்தில் அது சரி. மேம்பாலம் ஏறும்போது, நான்கு பேர் அமர்ந்து ஏசியும் ஓடும்போது, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது கொடுமை. சுழற்சி குறைவு, சுமை அதிகம். சிலிண்டரில் அழுத்தம் எகிறும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில் இந்த நிலையில் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. கடுமையாக நேர்ந்தால் பிஸ்டனே உடையும். கார் அதிர்ந்தால், மிதித்தும் வேகம் பிடிக்காவிட்டால், தயங்காமல் ஒரு கியர் குறையுங்கள். அதனால் செலவாகும் பெட்ரோல் அற்பம்.

மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விடுவதும் இதே ஆசையின் பிள்ளைதான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் இருந்த பழைய கார்களின் காலத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய காரில் கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஊட்டி கல்லட்டிப் பாதையில் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்கச் சொல்வது காரணத்தோடுதான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மிச்சம் பிடிக்க நினைத்த சில ரூபாய்க்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

பங்க்கில் செய்யும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, குழாய் தானாக நின்றபிறகும் தொகையை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வது. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலத்துக்குள் திரவமே புகுந்துவிடும். மற்றொன்று, எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுவது. டேங்கினுள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். விடியற்காலையில் நிரப்பினால் அதிகம் கிடைக்கும் என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தடித் தொட்டியில் வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை.

காலையில் ஐந்து நிமிடம் நிறுத்தியபடியே சூடேற்றுவதும் பழைய பழக்கம். அரை நிமிடம் போதும். பிறகு சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினாலே இன்ஜின் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிடுகிறவர்களின் கார், ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும் அளவுக்குச் சூடாவதே இல்லை. கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாதக் கணக்கில் அவர்கள் ஆயிலை மாற்ற வேண்டும்.

டீசல் கார்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்தபின் விற்கப்படும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு தேவை. நகர நெரிசலில் ஓடியே பழகிய கார் அந்தச் சூட்டை எட்டுவது கடினம். எரிக்கும் வேலை பாதியில் இருக்கும்போது அடிக்கடி இன்ஜினை நிறுத்தினால், அதற்கெனக் கூடுதலாகப் பீய்ச்சப்பட்ட டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கிச் சேரும். வடிகட்டி விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலைக்குச் சென்று, கையேடு சொல்லும் வேகத்தில், விளக்கு அணையும்வரை நிற்காமல் ஓட்டுங்கள். அளவுக் கம்பியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அதில் டீசல் கலந்திருக்கக்கூடும். அடுத்த சர்வீஸ்வரை காத்திராமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.