செயின்ட் ஜெனவீவ்: ஓர் ஆற்றங்கரை ஊரின் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர் செயின்ட் ஜெனவீவ். பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கியது. இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வதால்தான் பல தவறுகள் வருகின்றன.

பிரான்சிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் கட்டிய ஊர் என்று எழுதாதீர்கள். பெரும்பாலோர் கனடா வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தினர். எதிர்க்கரையில் இருந்த கஸ்காஸ்கியா என்ற ஊரிலிருந்து, வண்டல் மண்ணை நம்பி ஆற்றைக் கடந்தவர்கள். ஊர் தோன்றிய ஆண்டு 1735 என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் பலர் 1750ஐ ஒட்டித்தான் வைக்கிறார்கள். அதனால் 1735ஐ அடித்துச் சொல்ல வேண்டாம்.

இன்றைய தெருவில் நின்றுகொண்டு ‘இங்கேதான் தொடங்கியது’ என்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதல் ஊர் சில கிலோமீட்டர் தெற்கே, ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. 1785இல் வந்த வெள்ளம் அதை மூழ்கடித்தது. அந்த ஆண்டுக்கே ‘பெருவெள்ள ஆண்டு’ என்று மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். வீடு மேட்டில், வயல் பள்ளத்தில். நீள நீளப் பட்டைகளாகப் பங்கிட்ட அந்தப் ‘பெரிய வயல்’தான் ஊருக்குச் சோறு போட்டது. பழைய வரைபடத்தில் உள்ள ஆற்றையும் இன்றைய ஆறு என்று எண்ணக்கூடாது. 1881 வெள்ளத்தில் ஆறு தடம் மாறி, கிழக்கே இருந்த கஸ்காஸ்கியா மேற்கே வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஊர் இன்றும் கிழக்குக் கரை மாநிலமான இல்லினாயைச் சேர்ந்ததுதான்!

பழைய வீடுகளைப் ‘பிரெஞ்சு ஆட்சிக்கால வீடுகள்’ என்பதும் சரியில்லை. 1762இலேயே மேற்குக் கரையை பிரான்ஸ் ரகசியமாக ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. கிழக்குக் கரை 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டனுக்குப் போனது. (புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்ததும் அதே ஒப்பந்தத்தால்தான்.) ஆகவே 1790களில் எழுந்த போல்டுக் வீடு, ஆமுரூ வீடு போன்றவை ஸ்பெயின் கொடியின் கீழ் பிரெஞ்சு பேசியவர்கள் கட்டியவை. கட்டுமுறைதான் பிரெஞ்சு: மரங்களைப் படுக்கவைத்து அடுக்காமல், நிமிர்த்தி வரிசையாக நிறுத்துவார்கள். ஆமுரூ வீட்டில் அவற்றை மண்ணிலேயே நட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி மிஞ்சியிருப்பவை மிகச் சில.

ஆமுரூ வீட்டைப் பற்றிச் சொல்லும்போது மரத்தூண்களோடு முடித்துவிடாதீர்கள். உப்பு காய்ச்சவும் ஈயம் தோண்டவும் வயலில் உழைக்கவும் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்த ஊர் இது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பெலாஜி ஆமுரூ, அந்த வீட்டில்தான் தன் குடும்பத்தோடு வாழ்ந்தார், கடையும் நடத்தினார்.