வெளிச் செங்கல் சுவருக்குச் சாயம் அடிக்கலாமா? முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள்

எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) மூலை வீடு. அப்பா தோட்டத்து வேலையை விட்டு வெளியே வந்தபோது வாங்கியது. முன்சுவரும் பக்கச் சுவரும் பூச்சு இல்லாத சிவப்புச் செங்கல். மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பக்கச் சுவருக்கு வெள்ளைச் சாயம் அடித்தோம். தைப்பூசம் வருவதற்குள் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. விரல் வைத்தால் அப்பளம் போல நொறுங்கியது. சாயத்தோடு சேர்ந்து செங்கல்லின் மேல்தோலும் உரிந்து வந்தது. சாயம் போனால் மறுபடி வாங்கலாம். சூளையில் வெந்து இறுகிய அந்தத் தோல் ஒருமுறை போனால் போனதுதான்.

முன்சுவர் அப்போது தப்பியது. இந்த வருடம் அம்மா மறுபடியும், "முன்னாடி சுவத்துக்கும் அடிச்சிடலாமே, தம்பி" என்றபோது நேராகக் கடைக்குப் போகாமல் ஆறு வாரம் எடுத்துச் சுவரைச் சோதித்தேன். அந்த ஆறு வாரத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். எப்படி அடிப்பது என்பதைவிட அடிக்கலாமா வேண்டாமா என்பதுதான் இதில் முக்கியம்.

1. உங்கள் சுவர் எந்தக் கல்?

சாம்பல் நிறத்தில் இருந்தால் அது சிமெண்டுக் கல். அதைப் பூசி, சாயம் அடிப்பதற்காகவே செய்கிறார்கள். பூச்சு காய 28 நாள் விட்டுவிட்டுத் தாராளமாக அடியுங்கள், உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. சிவப்பாக, ஓரம் கூராக, நிறம் ஒரே சீராக இருந்தால் அது வெளியே தெரிவதற்கென்றே சுட்ட செங்கல். நான் பேசுவது இதைப் பற்றி. ஏற்கெனவே சாயம் அடித்த செங்கல் என்றால் கேள்வியே வேறு, கடைசியில் வருகிறேன்.

பத்து காஜா பக்கம் போகும்போது கெல்லி கோட்டையை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகை. சென்னைப் பக்கமிருந்து கூட்டிவந்த நம் ஆட்கள் உழைத்துக் கட்டியது. அங்கே வெறும் செங்கல்லாக நிற்கும் சுவர்கள் நூறு வருட மழையில் நனைவதும் காய்வதுமாகத்தான் இருக்கின்றன. நனைந்தால் காய வழி இருக்க வேண்டும், செங்கல்லுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2. ஏன் அடிக்க ஆசைப்படுகிறீர்கள்?

காரணத்தை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். "பழசாகத் தெரிகிறது" என்றால் முதலில் சுவரைக் கழுவிப் பாருங்கள். எங்கள் முன்சுவரின் பாதிக் கறுப்பு பாசிதான். "மழைக்கு உள்ளே ஈரம் வருகிறது" என்றால் சாயம் அதற்கு மருந்தல்ல. கூரைத் தண்ணீர்க் குழாய், சன்னல் ஓரம், உள்பக்கக் குளியலறை, பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். "மாலை வெயில் சுட்டு அறை அடுப்பாகிறது" என்பது மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. நம் வீட்டுச் சுவர் பெரும்பாலும் ஒற்றைக் கல் கனம், நாலரை அங்குலம்தான். நடுவில் காற்று இடைவெளி கிடையாது. மேற்கு பார்த்த சுவருக்கு வெளிர் நிறம் அடித்தால் சூடு நிச்சயம் குறையும்.

3. தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

செடிக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பான் போதும். நான்கைந்து நாள் மழை இல்லாத பிறகு, காலை பத்து மணிவாக்கில் தெளியுங்கள். பட்டவுடன் கறுத்து உறிஞ்சினால் கல் தாகமாக இருக்கிறது என்று பொருள், சாயம் பிடிக்கும். முத்து முத்தாக உருண்டு ஓடினால் முன்பே யாரோ நீர்விலக்கி மருந்து அடித்திருக்கலாம். அதன் மேல் சாயம் சரியாக ஒட்டாது. சுவரில் ஒரே இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

4. பிளாஸ்டிக் தாள் சோதனை

நான் சறுக்கிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியாக வெட்டுங்கள். சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் ஒரு முழு நாள் விட்டேன். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், பயம் இல்லை.

கேட்க எளிது. முதல் தடவை எனக்கு எல்லாத் தாளும் காய்ந்தே இருந்தது. சுவர் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். உண்மையில் தாளுக்குள் காற்று போய் வந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் இந்தத் தொல்லை வராது. செங்கல் சுவரிலோ கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவைப் பள்ளம் இருக்கிறது. டேப் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் பாலம் போல நிற்கும், அடியில் காற்று ஓடும். தாளின் ஓரம் படும் பள்ளங்களை எல்லாம் முதலில் சன்னல் புட்டியாலோ பிள்ளைகள் விளையாடும் களிமண்ணாலோ அடைத்து, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். மஞ்சள் மாஸ்கிங் டேப் வேண்டாம், இரவுப் பனிக்கே கழன்றுவிடும். சாம்பல் நிறத் துணி டேப்தான் சரி. ஒட்டும் இடத்தைக் காய்ந்த பிரஷால் தேய்த்துத் தூசியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு தாள் போதாது. குறைந்தது மூன்று உயரத்தில் ஒட்டுங்கள்: தரையிலிருந்து அரையடி மேலே ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, சன்னலுக்கு அடியில் ஒன்று. புட்டி வைத்து இரண்டாம் தடவை ஒட்டியபோது எனக்கு மேல் இரண்டும் காய்ந்திருந்தன. அடியில் ஒட்டிய தாள் மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளர் போல வியர்த்திருந்தது.

ஈரம் அடியில் மட்டும் என்றால் தரையைப் பாருங்கள். சுவரின் அடியில், வெளித்தரையிலிருந்து அரையடி உயரத்தில், கலவைக்கு நடுவே கறுப்பாக ஒரு மெல்லிய பட்டை ஓடும். மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கத்தான் அது. வாசலிலும் பக்கச் சுவரோரத்திலும் சிமெண்டுத் தரையை உயர்த்திப் போட்டபோது நாங்கள் அந்தப் பட்டையையே மூடியிருக்கிறோம். போதாததற்கு அம்மாவின் துளசித் தொட்டி மேடை வேறு சுவரோடு ஒட்டியிருந்தது. மழைத் தண்ணீர் பட்டைக்கு மேலே நேராகக் கல்லுக்குள் போயிருக்கிறது. பக்கச் சுவரில் சாயம் உரிந்ததும் இதனால்தான். சாயக்காரர் மேல் மூன்று வருடம் வருத்தமாக இருந்தேன். ஈரம் பார்க்காமல் அடித்தது அவர் பிழை என்றாலும் ஈரத்துக்கு வழி வெட்டியது நாங்கள்.

ஈரம் இருந்தால் சாயம் ஏன் நிற்காது?

சுடுமண் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஈரம் அவற்றில் ஏறி, வெளிமுகத்துக்கு வந்து, வெயிலில் ஆவியாகும். வரும்போது மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். சுவரில் வெள்ளைப் பொடியாகப் பூப்பது அதுதான். சாயம் அடித்து முகத்தை மூடினால் அந்த உப்பு சாயத்துக்குப் பின்னால் படிகமாகி விரிந்து சாயத்தைத் தள்ளும், கல்லின் தோலையும் பெயர்க்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்தால் கல்லுக்குள் தண்ணீர் உறைந்து கல் வெடிக்கும் என்றுதான் பயமுறுத்துவார்கள். நமக்கு உறைபனி இல்லை, உப்பு இருக்கிறது.

வெள்ளைப் பொடியைக் காய்ந்த பிரஷால் மட்டும் துடையுங்கள். தண்ணீர் அடித்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஹார்ட்வேர் கடையில் ஆசிட் தருவார்கள், வாங்காதீர்கள். அது கலவையை அரிக்கும். துடைத்த இடத்தில் ஒரு மாதத்துக்குள் மறுபடி பூத்தால் தண்ணீர் இன்னும் வருகிறது, சாயப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

5. கலவையைச் சுரண்டிப் பாருங்கள்

வீட்டுச் சாவியால் கல் இடுக்கைக் கீறுங்கள். மணல் கொட்டினால் அதைச் சரிசெய்யாமல் சாயம் அடிப்பது வீண். புதுக் கலவை கல்லைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. சிமெண்டு ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு. கொத்தனார் சுண்ணாம்பு வேண்டாம் என்றாலும் நீங்கள் பிடிவாதமாக இருங்கள். வெறும் சிமெண்டுக் கலவை ஈரத்தைக் கல் பக்கமே திருப்பிவிடும்.

6. இப்போது முடிவு

தாள் காய்ந்திருக்கிறது, உப்பு இல்லை, கலவை கெட்டி, காரணமும் நியாயம் என்றால் அடிக்கலாம். ஆனாலும் இது ஒருவழிப் பாதை. அடித்த சாயத்தைச் செங்கல்லிலிருந்து முழுக்க எடுக்க முடியாது. மணல் வீசி எடுப்பார்கள், கூடவே தோலும் போகும். அப்புறம் சில வருடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பணக் கணக்கும் போடுங்கள்: 20 அடிக்கு 10 அடிச் சுவர் என்றால் சுமார் 18.5 சதுர மீட்டர். எவ்வளவு பரப்புக்கு வரும் என்று டப்பாவில் போட்டிருக்கும் அளவு வழவழப்பான சுவருக்கு. எங்கள் செங்கல்லில் அதில் பாதிதான் ஓடியது.

எனக்குப் பிடித்தது சுண்ணாம்பு. தோட்டத்து லயத்து வீடுகளில் கீழே பாதிச் சுவர் கல்லும் மேலே பலகையுமாக இருந்த காலத்தில் சுண்ணாம்பு அடித்ததை அப்பா இன்றும் சொல்வார். சுண்ணாம்பு தோல் போல மூடாது, கல் மூச்சு விடும். உரிந்து தொங்காது, மெல்லத் தேயும், தேய்ந்த இடத்தில் மறுபடி ஒரு கை அடித்தால் போதும். சுவரை நனைத்துவிட்டுப் பால் பதத்தில் மெல்லியதாக மூன்று நான்கு தடவை அடியுங்கள். கண்ணில் பட்டால் பொத்துவிடும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். கையில் ஒட்டும் என்பதால் பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் அஞ்சடிச் (வாசல் நடைபாதைச்) சுவருக்கு இது சரிவராது.

அங்கே சாயம்தான் வேண்டும் என்றால் ஈரம் ஆவியாக விடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் போல இழுபடும் 'வாட்டர்புரூஃப்' சாயத்தைச் செங்கல்லுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பாசியைக் கொல்ல ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். பிளீச்சையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். கழுவி, ஒரு வாரம் காயவிட்டு, சிமெண்டின் காரத்தை (அல்கலியை) தாங்கும் அடிச்சாயம் (பிரைமர்) ஒரு தடவை, மேலே சாயம் இரண்டு தடவை. இடுக்குகளைப் பிரஷாலும் முகத்தை நீளமுடி ரோலராலும் அடியுங்கள்.

மாதமும் முக்கியம். பேராக்கின் இந்தப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம், அடுத்தது ஏப்ரல், மே. தீபாவளியும் அந்த அக்டோபர், நவம்பரிலேயே வருகிறது. நாமோ வருடா வருடம் சுவர் மிக ஈரமாக இருக்கும் நாளாகப் பார்த்துச் சாயம் அடிக்கிறோம். ஜூன், ஜூலையிலோ பிப்ரவரியிலோ அடித்துவிடுங்கள். தீபாவளிக்கு முன் கழுவிவிட்டால் அதே பளிச்சென்று இருக்கும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் மழை விட்ட மறுநாளே தாள் ஒட்டி, மூன்றும் நனைந்ததாக எழுதியிருந்தார். மழைக்குப் பிறகு எந்தச் சுவரும் நனைந்துதான் காட்டும். நான்கு நாள் காயவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொரு சேர்க்கை: ஏற்கெனவே அடித்துவிட்டோம், உரிகிறது என்று நான்கு பேர் கேட்டார்கள். முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். உரிந்ததை மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், கம்பி பிரஷ் வேண்டாம். அடியில் மூன்றடியைச் சில மாதம் வெறுமனே விட்டுக் காயவிட்டு, தாள் ஒட்டிப் பார்த்த பிறகுதான் மறுபடி சாயம்.

எங்கள் வீட்டில் முன்சுவருக்குச் சாயம் இல்லை என்று முடிவாகிவிட்டது. துளசி மேடையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டியாயிற்று. பக்கச் சுவரோரத்தில் சிமெண்டுத் தரையை ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சரளைக் கல் கொட்டியிருக்கிறேன். கறுப்புப் பட்டை மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. போன வாரம் அங்கே அடியில் ஒட்டிய தாளில் கீழ் ஓரத்தில் மட்டும் துளி இருந்தது. பிப்ரவரியில் மறுபடி ஒட்டுவேன். காய்ந்திருந்தால் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு.