உடல் கிடைக்காத அரசியின் வாழ்க்கையைப் படிப்பது எப்படி

எகிப்து அரசிகளைப் பற்றிப் படிக்க ஆசையா? மம்மியின் முகத்தைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஹெட்டெப்ஹெரெஸிலிருந்து ஆரம்பியுங்கள். கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் அம்மா அவர். 1925இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னரின் குழு அந்தப் பிரமிடுக்குக் கிழக்கே, சுமார் 27 மீட்டர் ஆழத்தில் அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்தது.

முதலில் பட்டங்களைப் பாருங்கள். அவருடைய பல்லக்கு நாற்காலியில் கருங்காலிப் பட்டையில் பதித்த தங்க எழுத்துகள் அவரை 'அரசரின் அம்மா' என்கின்றன, 'தெய்வத்தின் மகள்' என்கின்றன. மனைவி என்ற பட்டம் அதில் இல்லை. தங்கத் தகடு போர்த்திய பந்தலில் கூஃபுவின் அப்பாவான அரசர் ஸ்னெஃபெருவின் பெயர் இருப்பதால்தான் ஹெட்டெப்ஹெரெஸ் அந்த அரசரின் மனைவி என்று கணிக்கிறார்கள். எழுதியிருப்பது எது, கணித்தது எது என்று இப்படியே பிரித்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் பொருட்கள். கட்டில், கைவைத்த நாற்காலிகள், கழற்றி மாட்டக்கூடிய பந்தல் என்று எல்லாவற்றிலும் மரம் உளுத்துப்போய் தங்கத் தகடுகள் மட்டும் குவிந்து கிடந்தன, ஒவ்வொரு துண்டும் விழுந்து கிடந்த இடத்தை எடுப்பதற்கு முன்பே வரைந்து, படம்பிடித்து வைத்ததால்தான் பழைய வடிவத்தை மீட்க முடிந்தது. வளையல்களை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள்: வெள்ளியில் நீலக்கல், பச்சைநீலக்கல், சிவப்புக்கல் பதித்த வண்ணத்துப்பூச்சிகள். அந்தக் காலத்து எகிப்தில் தங்கத்தைவிட வெள்ளிதான் அரிது. 2023இல் வெளியான ஆய்வு அந்த வெள்ளி கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடல் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்கிறது, அப்படியானால் அவ்வளவு தூரத்துச் சரக்கு அரசியின் கைக்கு வந்திருக்கிறது!

சரி, உடல்? 1927இல் அலபாஸ்டர் என்ற வெளிர் கல்லில் செய்த சவப்பெட்டியைத் திறந்தார்கள், காலி. ஆனால் சுவரை அடைத்து மறைத்திருந்த ஒரு மாடத்தில் நான்கு அறைகள் கொண்ட பெட்டி இருந்தது, உள்ளே பொதிந்த உள்ளுறுப்புகள், சில அறைகளில் உடலைப் பதப்படுத்தப் பயன்பட்ட நேட்ரான் உப்பின் கரைசல்கூட வற்றாமல் இருந்தது. உடலைப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு என் பார்வையில் இதைவிட வலுவான சான்று அங்கே இல்லை.

உடல் எங்கே போனது என்பதில் இரண்டு கருத்துகளையும் படியுங்கள். கீசாவுக்குத் தெற்கே, ஸ்னெஃபெருவின் பிரமிடுகள் இருக்கும் தஹ்ஷூரில் முதலில் அடக்கம் செய்து, அங்கே கொள்ளை போன பிறகு மிச்சத்தை இங்கே கொண்டுவந்தார்கள் என்றார் ரைஸ்னர். பிரமிடுகளை ஆராயும் தொல்லியலாளர் மார்க் லெஹ்னரோ, முதலில் இங்கேதான் அடக்கம் செய்து, பிறகு பக்கத்துச் சிறு பிரமிடுக்கு மாற்றினார்கள் என்கிறார். தஹ்ஷூரில் அப்படி ஒரு கல்லறை இதுவரை கிடைக்காததால் எனக்கு லெஹ்னர் பக்கமே சாய்வு.

அகழாய்வுப் படங்களும் நாட்குறிப்புகளும் ஹார்வர்டின் டிஜிட்டல் கீசா தளத்தில் இலவசம். 'ஜி 7000 எக்ஸ்' என்ற கல்லறை எண்ணை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுங்கள்.