கிண்ணியா பஸ்ஸில் புத்தகம் வாசிக்க

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குக் கந்தோர் போகிறவள் நான். என் வாசிப்பு முழுவதும் பஸ்ஸில்தான். வீட்டில் அடுப்பும் பிள்ளைகளுமாக இருக்கும்போது ஒரு பக்கம்கூடப் புரளாது. புதிதாக வேலைக்கு வந்த தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "ராத்தா, ஓடுற பஸ்ஸுக்குள்ள எப்படி வாசிக்கிறீங்க? எனக்குத் தலை சுத்துது." அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முதலில் இடம். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, இடப்பக்க யன்னலோரம் பிடியுங்கள். காலையில் பெரும்பாலும் வடக்கு நோக்கிப் போகிறோம், வெயில் வலப்பக்கத்தால் வரும். பின்னேரம் தெற்கே திரும்பும்போது மேற்குச் சூரியனும் வலப்பக்கம்தான். இடப்பக்கத்தில் ஒரே குறை கச்சான் காற்று. மே மாதத்துக்குப் பிறகு அது மேற்கிலிருந்து அடிக்கும்போது தாளைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். உடுப்புக் காயப்போடுகிற கிளிப் இரண்டு பையில் இருக்கட்டும்.

தலைச்சுற்றுக்குக் காரணம் இதுதான்: கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, காதின் உட்பகுதியோ உடம்பு ஆடுவதை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிற்றைப் பிரட்டுகிறது. பின்சில்லுக்கு மேலே இருக்காதீர்கள், அங்கேதான் ஆட்டம் அதிகம். குனிந்து வாசிக்காமல் புத்தகத்தை நெஞ்சளவுக்கு உயர்த்துங்கள். ஒரு பந்தி முடிந்ததும் தூரத்துப் பனை ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்த பந்திக்குப் போங்கள். இப்படி விட்டு விட்டு வாசிக்கச் சிறுகதையும் கவிதையும்தான் தோது. ஃபோனில் வாசிப்பவர்கள் 'நூலகம்' என்கிற இணையத்தளத்திலிருந்து ஈழத்துப் பழைய சஞ்சிகைகளை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கிண்ணியாப் பாலம் வந்ததும் புத்தகத்தை மூடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2009இல் திறந்த பாலம் அது, 396 மீற்றர். பஸ்ஸுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்பு 'பாதை' என்கிற மிதவையில்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். பாதை வரும்வரை வாப்பா கரையில் நின்று வீரகேசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிப்பாராம். அவருக்குக் கிடைத்த நேரம் நமக்கு இல்லை, ஆகவே அந்த ஒரு நிமிடத்தைத் தண்ணீருக்குக் கொடுங்கள். நேற்றுக் காலை இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையோடு நின்றார். வலையைப் பாதி தோளிலும் பாதி கையிலுமாக ஏந்தி, உடம்பை ஒருதரம் திருப்பி வீசினார். அது வட்டமாக விரிந்து, விளிம்பிலிருந்த ஈயக்குண்டுகள் எல்லாம் ஒன்றாகத் தண்ணீரைத் தொட்டன. வலை மேலே வருவதற்குள் பஸ் வெள்ளைமணல் பக்கம் போய்விட்டது. மீன் பட்டதா என்று கந்தோரில் இருந்தும் யோசித்தேன்.

சீனன்குடா தாண்டினால் சனம் ஏறும், முழங்கை இடிக்கும். அப்புறம் வாசிக்கப் பார்க்காதீர்கள்.

திரும்பி வரும்போது புத்தகம் எடுக்க மறந்திருந்தால் கச்சான் கடலை வாங்குங்கள். அதைச் சுற்றித் தருகிற கடதாசியே வாசிக்கத்தான். போன மாதம் எனக்குக் கிடைத்தது ஏதோ ஒரு பிள்ளையின் தமிழ்க் கொப்பித் தாள். 'மழை நாள்' என்று கட்டுரை. "எங்கள் வீட்டுக் கோழி கதவுக்குள் வந்து நின்று மழையைப் பார்த்தது" என்ற வரியோடு தாள் கிழிந்திருந்தது. ரீச்சர் அந்த வரிக்குக் கீழே சிவப்பால் சரி போட்டிருந்தார்.

கச்சான் தின்று முடிந்ததும் கடதாசியை, முக்கியமாகப் பொலித்தீன் பையை, யன்னலால் எறிய வேண்டாம். திருகோணமலை நகருக்குள் திரிகிற மான்கள் அதைத் தின்றுவிடுகின்றன. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு குட்டி பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பையிலேயே வைத்திருங்கள். கோழிக் கட்டுரைத் தாளை நான் நாலாக மடித்து, இப்போது வாசிக்கிற புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருக்கிறேன்.