கொம்பனி திறக்க முன்

கனடாவுக்கு வந்து, ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ இறங்கிக் கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "உன்ர பேரில ஒரு கொம்பனியைத் திற, வரி மிச்சம்." சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குக் கொம்பனி தேவையில்லை. பொருந்தாத நிலையில் திறந்தால் வரி கூடவும் செய்யும்.

முதலில் பார்க்கவேண்டியது, நீங்கள் உண்மையிலேயே சுயதொழில் செய்கிறீர்களா என்பது. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று வேலை தருபவர்களே சொல்கிறார்கள், சாமான்கள் அவர்களுடையவை, உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பவும் முடியாது என்றால் நீங்கள் வேலையாள்தான். தொழிற்சாலை, துப்புரவு, லொறி வேலைகளில் சில ஏஜென்சிகள் "இன்கோர்ப்பரேட் பண்ணிக்கொண்டு வா", அதாவது கொம்பனி பதிந்துகொண்டு வா, என்பதன் காரணம் வேறு. சி.பி.பி என்னும் ஓய்வூதியக் கட்டணத்தில் முதலாளி கட்டவேண்டிய பாதி, வேலையிழப்புக் காப்புறுதி, ஒன்ராறியோ சட்டப்படியான 4% விடுமுறைக் காசு எல்லாம் அவர்களுக்கு மிச்சமாகிறது. நட்டம் உங்களுக்கு. இப்படிப்பட்ட கொம்பனியை வரித்துறை 'பெர்சனல் சேர்விசஸ் பிஸ்னஸ்' (பெயருக்குக் கொம்பனி, உண்மையில் வேலையாள்) என்று வகைப்படுத்தினால் சிறு தொழிலுக்கான குறைந்த வரிவீதம் கிடைக்காது. ஒன்ராறியோவில் வீதம் 44.5% வரை போகும், செலவுகளில் பெரும்பகுதியைக் கழிக்கவும் விடமாட்டார்கள். யாராவது கொம்பனி கேட்டால், "ஏன் சம்பளப் பட்டியலில் போடக்கூடாது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உண்மையான சுயதொழில் என்றால், அதாவது ஊபர் ஓட்டுவது, கலியாணத்துக்குப் படம் எடுப்பது, வீட்டிலிருந்து கேக் செய்து விற்பது, பெயின்ட் அடிப்பது போன்றவை என்றால், தொடங்குவதற்குப் பெரிய சடங்கு எதுவும் இல்லை. உங்கள் சொந்தப் பெயரிலேயே செய்தால் பதிவே வேண்டாம். கடைப்பெயர் வைத்தால் ஒன்ராறியோவில் 60 டொலர் கட்டி 5 வருடத்துக்குப் பதியலாம். வருமானத்தை உங்கள் சாதாரண வரிப்பத்திரத்தோடு ரி2125 படிவத்தில் காட்டவேண்டும்.

இங்கேதான் எல்லோருக்கும் அதிர்ச்சி. வேலையாளுக்குச் சி.பி.பி 5.95% பிடிப்பார்கள், மற்றப் பாதியை முதலாளி கட்டுவார். சுயதொழிலில் இரண்டு பாதியும் நீங்கள்தான்: 11.9%. முதல் 3,500 டொலருக்கு விலக்கு. செலவு போக 40,000 டொலர் மிஞ்சினால் சி.பி.பி மட்டும் 4,343 டொலருக்கு மேல் வரும். அந்த அளவு வருமானத்துக்கு இது கிட்டத்தட்ட வருமான வரிக்குச் சமமான தொகை. மாதாமாதம் யாரும் பிடிக்காததால் முழுவதும் ஒரேயடியாக வரும். செலவு போக மிஞ்சுவதில் காற்பங்கை ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

எச்.எஸ்.ரி என்னும் விற்பனை வரி வேறு விடயம். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் மொத்த வரவு 30,000 டொலரைத் தாண்டினால் பதிந்து, ஒன்ராறியோவில் வாடிக்கையாளரிடம் 13% வாங்கி அரசுக்குக் கட்டவேண்டும். கணக்குப் பார்ப்பது மொத்த வரவில், இலாபத்தில் அல்ல. ஆட்களை ஏற்றி ஓட்டுபவர்களுக்கு இந்த 30,000 சலுகையே கிடையாது. 2017 யூலையிலிருந்து ஊபர், லிஃப்ட் ஓட்டுநர்கள் முதல் டொலரிலிருந்தே பதிந்திருக்கவேண்டும். சாப்பாடு மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கு 30,000 எல்லை பொருந்தும். வாங்காமல் விட்ட எச்.எஸ்.ரியைப் பிறகு உங்கள் பொக்கெற்றிலிருந்து கேட்பார்கள். பதிந்தவர்கள் தொழிலுக்காக வாங்கிய சாமானில் கட்டிய எச்.எஸ்.ரியைக் கழித்துக்கொள்ளலாம், அதனால் பற்றுச்சீட்டுத் துண்டுகளை எறியாதீர்கள். ஆறு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது சட்டம்.

திகதிகளில் ஒரு பொறி இருக்கிறது. சுயதொழிலாளர் பத்திரம் கொடுக்க யூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் காசு கட்டவேண்டிய நாள் ஏப்ரல் 30தான். யூன் வரை காத்திருந்தால் வட்டி ஓடும். கட்டவேண்டிய காசு இருக்கும்போது பத்திரத்தையும் பிந்திக் கொடுத்தால் அந்தத் தொகையில் 5%, அதற்கு மேல் மாதம் 1% தண்டம்.

வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். "காசாக வாங்கினால் யாருக்குத் தெரியும்" என்பது எங்கள் ஆட்களிடம் பரவலான கதை. சட்டத்தை விடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வீடு வாங்கப் போவீர்கள். வங்கி கேட்பது உங்கள் இரண்டு வருட வரி மதிப்பீட்டுக் கடிதத்தை. அதில் 18,000 என்று இருந்தால் மோட்கேஜ் எங்கிருந்து வரும்?

சரி, கொம்பனி எப்போது? வீட்டுச் செலவுக்குத் தேவையானதைவிட அதிகமாக உழைத்து, மிச்சத்தைத் தொழிலுக்குள்ளேயே விடக்கூடிய நிலை வரும்போது. 2025இல் ஒன்ராறியோவில் சிறு கொம்பனியின் முதல் 500,000 டொலர் இலாபத்துக்கு வரி 12.2%தான். ஆனால் காசை உங்கள் கைக்கு எடுத்தவுடன் தனிநபர் வரி வந்துவிடும், எனவே எல்லாவற்றையும் எடுத்துச் செலவழிப்பவருக்கு இலாபம் சொற்பம். பதியும் கட்டணம் கூட்டாட்சி அரசிடம் 200, ஒன்ராறியோவில் 300 டொலர். அது பெரிதல்ல. வருடாவருடம் கொம்பனிக்குத் தனி வரிப்பத்திரம், தனிக் கணக்கு, கணக்காளர் கட்டணம் என்று வருவதுதான் கனக்கும். கொம்பனி இருந்தால் கடன் கொடுத்தவர் உங்கள் வீட்டைத் தொடமாட்டார் என்ற பாதுகாப்பும் பாதிதான். புதுக் கொம்பனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் உங்கள் தனிப்பட்ட கையெழுத்தையும் கேட்கும்.